பொய்யை மட்டும் எண்ணாதீர்கள், காட்டாமல் விட்டதையும் எண்ணுங்கள்: அமெரிக்க அதிபர் தேர்தலும் ஊடகச் சார்பும்

#1 கரிசல்மண்

ஒவ்வொரு அமெரிக்க அதிபர் தேர்தலிலும் நம்மிடையே ஒரே சண்டைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒருவர் சி.என்.என். சுட்டி கொடுப்பார். "அது ஜனநாயகக் கட்சியின் ஊதுகுழல்" என்று இன்னொருவர் தள்ளிவிடுவார். அவர் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் சேனலின் சுட்டி கொடுத்தால் இவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். யார் அதிகம் பொய் சொன்னார்கள் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2020 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் புரூக்மனும் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா காலாவும் ஒரு சோதனை செய்தார்கள். வழக்கமாக ஃபாக்ஸ் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் சி.என்.என். பார்க்கச் சொன்னார்கள். மணிக்கு 15 டாலர் பணம். உண்மையாகவே பார்த்தார்களா என்று சோதிக்க இடையிடையே கேள்விகள் வேறு.

யாரும் கட்சி மாறிவிடவில்லை. மாறியது அவர்கள் அறிந்திருந்த விஷயங்களின் பட்டியல். கொரோனா பற்றியும் தபால் வாக்கு பற்றியும் அவர்கள் முன்பு கேள்விப்பட்டிராத செய்திகள் வந்து சேர்ந்தன. எது நாட்டின் பெரிய பிரச்சினை என்ற எண்ணமும் நகர்ந்தது. டிரம்ப் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைப் பேசாது என்று ஒப்புக்கொள்கிறவர்களும் கூடினார்கள். சோதனை முடிந்ததும் பெரும்பாலானோர் பழைய சேனலுக்கே திரும்பினார்கள், சில வாரங்களில் அந்த மாற்றமும் பெரும்பாலும் கரைந்துபோனது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். பொய்ச் செய்தியை மறுநாளே யாராவது மறுத்துவிடலாம். ஒளிபரப்பாமலே விட்ட செய்தியை யார் மறுப்பது? தன்னிடம் ஒன்று குறைகிறது என்றே பார்க்கிறவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பைத்தியம் என்று நினைப்பதற்கு இது முக்கியமான காரணம். இருவரும் ஒரே சம்பவத்தைப் பற்றி மாறுபடுவதாக நமக்குத் தோன்றுகிறது. பல நேரங்களில் இருவரிடமும் இருப்பது வேறு வேறு சம்பவங்கள்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 தேன்சிட்டு

அண்ணா, ஒரு சந்தேகம். எல்லாத்தையும் யாராலயும் காட்ட முடியாதே? அரை மணி நேரச் செய்தியில எதையாவது விட்டுத்தானே ஆகணும்? அப்போ எது இடமில்லாம விட்டது, எது வேணும்னே விட்டதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

#3 ஏரிக்கரை

கரிசல்மண் சார், உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி ஆபத்தானது. "எல்லாரும் எதையாவது மறைக்கிறார்கள்" என்று சொல்ல ஆரம்பித்தால், தெரிந்தே பொய் சொன்னவரும் அந்தக் கூட்டத்தில் மறைந்துகொள்வார்.

டொமினியன் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் வாக்கை மாற்றின என்ற கதையை டிரம்ப்பின் வழக்கறிஞர்கள் ஃபாக்ஸில் வந்து வாரக்கணக்கில் சொன்னார்கள். இயந்திரத்தைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் 160 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. வழக்கில் வெளிவந்த குறுஞ்செய்திகளைப் படித்தால் வயிறு எரிகிறது. அந்தக் கதையை நிகழ்ச்சி நடத்துநர்களே நம்பவில்லை. அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். டிரம்ப்பின் ட்வீட் ஒன்றை ஃபாக்ஸின் செய்தியாளர் ஒருவரே சரிபார்த்து மறுத்தபோது, அவரை வேலையைவிட்டுத் தூக்க வேண்டும் என்று டக்கர் கார்ல்சன் சக நடத்துநர்களுக்கு எழுதினார். பங்கு விலை இறங்குகிறதாம், அதுதான் காரணம்.

டொமினியன் பற்றிச் சொல்லப்பட்ட எதுவுமே உண்மையில்லை என்று டெலவேர் நீதிபதி விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதிவிட்டார். 2023 ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்கும் நேரத்தில், ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இதற்கு நிகரான ஒன்றை எதிர்த்தரப்பில் காட்டுங்கள், பிறகு சமன் செய்து பேசலாம்.

#4 பொருநை

நிகர் என்று சொல்ல மாட்டேன் ஏரிக்கரை. ஆனால் கரிசல்மண் கேட்பது பொய்யின் கணக்கை இல்லையே. காட்டாமல் விட்டதன் கணக்கைக் கேட்கிறார். அதில் என் பக்கத்து ஊடகங்களின் கணக்கும் சுத்தமாக இல்லை. நான் இருபது வருடமாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பவள், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

2020 அக்டோபர் 14. ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடனின் மடிக்கணினியில் இருந்த மின்னஞ்சல்கள் பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதியது. ட்விட்டர் அந்தச் சுட்டியையே பகிரவிடாமல் தடுத்தது. பத்திரிகையின் கணக்கு இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. சில நாளில் முன்னாள் உளவு அதிகாரிகள் 51 பேர், இது ரஷ்யாவின் வேலைபோல இருக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். தங்களிடம் ஆதாரம் இல்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் பல இடங்களில் யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. 2022 மார்ச்சில்தான் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் அந்த மின்னஞ்சல்களில் ஒரு பகுதி உண்மையானது என்று உறுதிசெய்தன. 2024இல் ஹண்டர் மீதான துப்பாக்கி வழக்கில் அரசுத் தரப்பே அந்த மடிக்கணினியைச் சாட்சியமாகக் கொண்டுவந்தது.

அடுத்தது பைடனின் வயது. இது இன்னும் வலிக்கிறது. 2024 பிப்ரவரியில் சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தன் அறிக்கையில் அவருடைய ஞாபகசக்தி பற்றி எழுதினார். கட்சி அரசியல் என்று ஒதுக்கினோம். ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஃபாக்ஸை நடத்தும் முர்டாக் குடும்பத்தின் பத்திரிகைதானே என்று மறுபடியும் ஒதுக்கினோம். ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் ஐந்து கோடிக்கும் அதிகமானவர்கள் நேரலையில் பார்த்த பிறகு ஒதுக்க இடமில்லை. ஜூலை 21 அன்று அவர் விலகினார். அவருக்குப் பதிலாக வேட்பாளரான கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது சுமார் நூறு நாள். உட்கட்சித் தேர்தல் நடந்துகொண்டிருந்த மாதங்களில் இந்தக் கேள்வியை அழுத்திக் கேட்டிருந்தால் கட்சிக்கு வேறு வழிகள் திறந்திருந்திருக்கும். காட்டாமல் விட்டதில் அதிகம் நஷ்டப்பட்டது அந்த ஊடகங்களை நம்பியவர்கள்தான்.

#5 ஏரிக்கரை

வயது விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன் அக்கா. நியூயார்க் டைம்ஸ் அதைப் பலமுறை எழுதியது, அதற்காக வெள்ளை மாளிகையிடம் திட்டும் வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாப் பத்திரிகையும் மூடி மறைத்தது என்பது சரியாகாது. எழுதினார்கள். நம் பக்கத்து வாசகர்கள் பலர் அதைப் படிக்க விரும்பவில்லை.

#6 கரிசல்மண்

ஏரிக்கரை, கடைசி வரியில் நான் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். தேன்சிட்டு கேட்ட கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அரிசோனா கதையைச் சொல்கிறேன்.

2020 நவம்பர் 3 இரவு. கிழக்கு நேரம் 11:20. அரிசோனாவைப் பைடன் வென்றார் என்று எல்லாச் சேனலுக்கும் முன்னால் அறிவித்தது ஃபாக்ஸ். அங்கே முடிவைக் கணிக்கும் டிசிஷன் டெஸ்க் நிகழ்ச்சி நடத்துநர்களிடமிருந்து தனித்து இயங்கியது. அசோசியேட்டட் பிரஸ் பின்னிரவில் அதே முடிவைச் சொன்னது. சி.என்.என்., என்.பி.சி. முதலியவை நவம்பர் 12 வரை காத்திருந்தன. கடைசியில் வித்தியாசம் 10,457 வாக்கு. அவ்வளவு நெருக்கமான போட்டியில் அத்தனை சீக்கிரம் அறிவித்திருக்க வேண்டுமா என்று நிபுணர்களே கேட்டார்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் அறிவித்தது சரியாகத்தான் இருந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மரிகோப்பா கவுன்டியில் வாக்கு எண்ணும் இடத்துக்கு வெளியே டிரம்ப் ஆதரவாளர்கள் ஃபாக்ஸுக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். பார்வையாளர்கள் நியூஸ்மேக்ஸ் என்ற இன்னொரு வலதுசாரிச் சேனலுக்குப் போனார்கள். டிசம்பரில் ஒரு நாள், விளம்பரதாரர்கள் கணக்கில் வைக்கும் வயதுப் பிரிவில், ஒரு மணிநேரத்துக்கு ஃபாக்ஸை நியூஸ்மேக்ஸ் முந்தியது. ஜனவரியில் அந்த டெஸ்க்கைச் சேர்ந்த கிறிஸ் ஸ்டைர்வால்ட்டின் வேலை போனது. ஏரிக்கரை சொன்ன டொமினியன் விஷயம் இந்த வாரங்களுக்குள் நடந்ததுதான். உண்மையைச் சொன்னதற்காகப் பார்வையாளர்கள் சேனலைத் தண்டித்தார்கள், சேனல் அவர்கள் கேட்க விரும்பியதைக் கொடுக்கத் தொடங்கியது.

தேன்சிட்டு, உங்கள் கேள்விக்கு என் அளவுகோல் இது. தன் பார்வையாளருக்குக் கசக்கும் செய்தியை ஒரு சேனல் எவ்வளவு நேரம் ஓட்டுகிறது? எதிர்க்கட்சிக்குக் கசக்கும் செய்தியை எவ்வளவு நேரம்? ஒரு வாரம் இரண்டையும் குறித்துப் பார்த்தால், இடமில்லாமல் விட்டது எது, வேண்டுமென்றே விட்டது எது என்று தெரிந்துவிடும்.

#7 நெய்தல்

இந்தப் பேச்சில் "அந்தக் காலத்தில் சமநிலை இருந்தது, ரீகன் வந்து கெடுத்தார்" என்று யாராவது சொல்வார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். ஃபேர்னெஸ் டாக்ட்ரின் 1949இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் கொண்டுவந்த விதி. அலைவரிசை உரிமம் பெற்ற வானொலியும் தொலைக்காட்சியும் பொது விவகாரங்களைப் பேச வேண்டும், மாறுபட்ட தரப்புகளுக்கும் இடம் தர வேண்டும். அலைவரிசைகள் குறைவு, அவை பொதுச் சொத்து என்பது அடிப்படை. 1969இல் ரெட் லயன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1987 ஜூனில் அதைச் சட்டமாக்கும் மசோதாவை அப்போதைய அதிபர் ரீகன் நிராகரித்தார், ஆகஸ்டில் ஆணையம் விதியையே கைவிட்டது. அடுத்த ஆண்டு வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க ஒலிக்க ஆரம்பித்தார்.

வானொலிக்கு அது பெரிய திருப்பம்தான். ஆனால் ஃபாக்ஸும் எம்.எஸ்.என்.பி.சி.யும் (2025இல் எம்.எஸ். நவ் என்று பெயர் மாறியது) கேபிள் சேனல்கள், 1996இல் பிறந்தவை. கேபிளுக்குப் பொது அலைவரிசை தேவையில்லை என்பதால், விதி உயிரோடு இருந்திருந்தாலும் அவற்றை அது கட்டுப்படுத்தியிருக்க வாய்ப்புக் குறைவு. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

சமநிலை என்பதே அமெரிக்கப் பத்திரிகை வரலாற்றில் பிற்காலத்து வரவு. 1800 தேர்தலில் ஆடம்ஸ் அணிக்கு ஒரு கூட்டம் பத்திரிகைகள், ஜெஃபர்சன் அணிக்கு ஒரு கூட்டம். ஆடம்ஸைத் திட்டி எழுதிய ஜேம்ஸ் கேலண்டருக்கு ஜெஃபர்சன் பணம் கொடுத்தார். அதற்காகக் கேலண்டர் தேசத்துரோக எழுத்துச் சட்டத்தின்கீழ் சிறைக்கும் போனார். இன்றைய அரிசோனா ரிபப்ளிக் நாளிதழின் பழைய பெயர் அரிசோனா ரிபப்ளிகன். கட்சி முகத்தை அன்று பெயரிலேயே காட்டினார்கள், வாசகருக்கும் அது தெரிந்தே இருந்தது.

#8 கடலோடி

எல்லாரும் சார்பு சார்புன்னு பேசுறீங்க. காசைப் பத்தி யாருமே பேசலையே.

2016 பிப்ரவரியில சி.பி.எஸ். தலைவர் லெஸ் மூன்வெஸ் ஒரு முதலீட்டாளர் கூட்டத்துல வெளிப்படையாவே சொன்னாரு: இந்தத் தேர்தல் அமெரிக்காவுக்கு நல்லதா இல்லாம இருக்கலாம், சி.பி.எஸ்.ஸுக்கு ரொம்ப நல்லதுன்னு. அடுத்த மாசம் வந்த ஒரு கணக்குப்படி, டிரம்ப்புக்கு அதுவரைக்கும் இலவசமாக் கிடைச்ச ஊடக வெளிச்சத்தோட மதிப்பு கிட்டத்தட்ட 200 கோடி டாலர். அவர் பேசப்போற காலி மேடையைக்கூட நேரலையில காட்டுனாங்க. அதுல கட்சிப் பாசம் எதுவும் இல்லைங்க. கேமரா அங்க இருந்தா ஜனங்க சேனலை மாத்த மாட்டாங்க, அவ்வளவுதான்.

அந்தத் தேர்தல் பத்தி ஹார்வர்டு ஷோரன்ஸ்டைன் மையத்துல தாமஸ் பேட்டர்சன் ஒரு ஆய்வு செஞ்சாரு. இறுதிக்கட்டப் பிரச்சாரத்துல டிரம்ப் பத்தின செய்திகள்ல 77 சதவீதம் எதிர்மறை, அவரை எதிர்த்து நின்ன ஹிலாரி பத்தினதுல 64 சதவீதம். குடியரசுக் கட்சிக்காரர் 77ஐக் காட்டி "பார், சார்பு" என்பாரு. ஜனநாயகக் கட்சிக்காரர் "ஒரு மின்னஞ்சல் விவகாரத்தை வெச்சு எங்களை 64க்குக் கொண்டுவந்துட்டாங்க" என்பாரு. ரெண்டு பேரும் ஒரே ஆய்வைத்தான் காட்டுறாங்க. எனக்கு அதுல உறைச்சது வேற. வரி, மருத்துவக் காப்பீடு, வேலை மாதிரி கொள்கை விஷயங்களுக்குக் கிடைச்ச இடம் பத்துல ஒரு பங்கு அளவுதான். யார் முந்துறாங்க, கருத்துக்கணிப்பு என்ன சொல்லுது, யார் யாரைத் திட்டுனாங்க, இதுலயே நாள் ஓடிடுச்சு. விட்டுப்போனதுன்னு பேசுனா முதல்ல விட்டுப்போனது அந்த மருத்துவக் காப்பீடுதான். அதுல ரெண்டு தரப்புச் சேனலும் ஒண்ணுதான்.

#9 நெறியாளர்

இதுவரை நல்ல இழை. தனிநபரைத் தாக்கிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். கட்சியை விமர்சியுங்கள், அந்தக் கட்சிக்கு வாக்களித்த உறுப்பினரைத் திட்டாதீர்கள்.

#10 தேன்சிட்டு

கரிசல்மண் அண்ணா, பதிலுக்கு நன்றி. எங்க வீட்டுக் கதை ஒண்ணு. டெக்சாஸ்ல இருக்குற எங்க மாமா ஃபாக்ஸ். நியூஜெர்சியில இருக்குற அத்தை மகள் முழுக்க எதிர்ப்பக்கம். முன்னாடி தேங்க்ஸ்கிவிங்குக்கு எல்லாரும் ஒரே வீட்டுல கூடுவோம். இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வராத மாதிரி அம்மா தேதி பார்த்துக் கூப்பிடறாங்க. வரியில எவ்வளவு, குடியேற்றத்துல என்ன சட்டம் வேணும்னு உட்கார்ந்து கேட்டா ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா "அந்தக் கட்சிக்காரங்க எப்படிப்பட்டவங்க தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. இது எங்க வீட்ல மட்டும்தானா?

#11 பொருநை

இல்லை கண்ணு. நீ சொல்வதை ஸ்டான்ஃபோர்டின் சாந்தோ ஐயங்கார் வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். கொள்கை வேறுபாட்டைவிட எதிர்க்கட்சிக்காரர் மீதான வெறுப்புதான் வேகமாக வளர்கிறது என்பது அவருடைய முடிவு. உன் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் திருமணம் செய்தால் வருத்தப்படுவாயா என்று 1960இல் கேட்டபோது, இரு கட்சியிலும் ஏறக்குறைய 5 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். 2010இல் குடியரசுக் கட்சிக்காரர்களில் 49 சதவீதம், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 33 சதவீதம். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுவதை நேரில் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த எண்கள் பயமாக இருக்கின்றன.

அதே ஸ்டான்ஃபோர்டில் 1985இல் வந்த இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். 1982 லெபனான் போர்ச் செய்திகளை, ஒரே துண்டுகளை, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரு தரப்பும் சொன்னது. ஆகவே மாமா "சி.என்.என். சார்பு" என்று சொல்வதில் உண்மை இருக்கலாம், ஆனால் அவர் சொல்கிற அளவு சி.என்.என்.னிலிருந்து மட்டும் வந்ததில்லை.

ஊடகத்தின் மீதான நம்பிக்கையும் இதே கோட்டில்தான் உடைந்திருக்கிறது. கேலப் கணக்கெடுப்பில் 1976இல் 72 சதவீதம் பேர் ஊடகங்களை நம்பினார்கள். 2024இல் 31. அதிலும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 54, குடியரசுக் கட்சிக்காரர்களில் 12.

#12 நெய்தல்

கேபிளை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. 2020இல் வாக்களித்தவர்கள் 15 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு ஃபாக்ஸின் மாலை நேரச் சராசரிப் பார்வையாளர்கள் 40 லட்சத்துக்கும் கீழ். மற்றவர்களுக்கு அரசியல் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்தது. 2005இலிருந்து அமெரிக்கா தன் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிட்டது. உள்ளூர்த் தாள் மூடிய இடங்களில், அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு இன்னொரு கட்சி என்று பிரித்து வாக்களிக்கும் பழக்கமும் குறைந்தது என்று ஜோஷுவா டார், மேத்யூ ஹிட், ஜோஹானா டனவே மூவரும் காட்டினார்கள். பள்ளி வாரியம், தண்ணீர் வரி, மேயர் என்று எழுத ஆள் இல்லாவிட்டால் வாஷிங்டன் சண்டை ஒன்றுதான் மிஞ்சும்.

இவர்கள் செய்த அடுத்த ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. கலிஃபோர்னியா பாம் ஸ்பிரிங்ஸில் டெசர்ட் சன் என்று ஒரு நாளிதழ். 2019 ஜூலை மாதம் முழுவதும் தன் கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியலை நிறுத்தியது. டிரம்ப் பற்றிக் கட்டுரை கிடையாது, வாசகர் கடிதம்கூடக் கிடையாது. அந்த இடத்தில் போக்குவரத்து, கட்டடக்கலை, உள்ளூர்ச் சுற்றுச்சூழல் வந்தன. அப்படி எதையும் நிறுத்தாத வெஞ்சுரா நகரத்தோடு ஒப்பிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் மீதான வெறுப்பு வளரும் வேகம் பாம் ஸ்பிரிங்ஸில் குறைந்திருந்தது. வெறுப்பு மறையவில்லை, வேகம்தான் குறைந்தது. ஒரே ஒரு மாதத்தில் அது நடந்தது எனக்குப் பெரிய விஷயம்.

#13 ஏரிக்கரை

நெய்தல், நல்ல தகவல். ஆனால் அது தேர்தல் இல்லாத வருடத்தின் ஜூலை. அக்டோபர் 2020இல் ஒரு பத்திரிகை இப்படிச் செய்திருந்தால் நான் அதைப் பொறுப்பைத் தட்டிக்கழித்தது என்றே சொல்வேன். 2024 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் அதிபர் வேட்பாளர் யாரையும் ஆதரிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தபோது சுமார் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். ஆசிரியர் குழு எழுதி வைத்த ஆதரவுத் தலையங்கத்தை உரிமையாளர் நிறுத்தினார் என்ற கோபம் அது. தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்னால் எடுக்கும் மௌனத்தை நான் நடுநிலை என்று ஏற்க மாட்டேன்.

#14 கரிசல்மண்

போஸ்ட் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அந்த முடிவை ஒரு வருடம் முன்பே எடுத்து அறிவித்திருந்தால் இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் டெசர்ட் சன் செய்தது வேறு. வாசகரிடம் முன்கூட்டியே சொன்னது, ஒரு மாதம் என்று எல்லை வைத்தது, செய்திப் பக்கங்களைத் தொடவில்லை. இதை விட்டிருக்கிறோம், இதற்காக விட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு விட்டால் வாசகர் வேறெங்காவது போய்த் தெரிந்துகொள்வார். கேபிள் சேனல் எதுவும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேன்சிட்டு, உன் மாமாவிடம் சேனலை மாற்றச் சொல்லாதே, மாற்ற மாட்டார். இந்த வாரம் அவர் சேனலில் டிரம்ப்புக்குக் கசப்பான செய்தி எது வந்தது என்று மட்டும் கேள். அத்தை மகளிடம் அவள் கட்சிக்குக் கசப்பானதைக் கேள். இருவரும் சொல்வதை இங்கே எழுது, அதிலிருந்து பேசலாம்.

#15 தேன்சிட்டு

கேட்டுட்டேன் அண்ணா. மாமா கொஞ்சம் யோசிச்சு, இறக்குமதி வரி பத்தி விவசாயிகள் குறை சொன்னது வந்துச்சுன்னாரு. அத்தை மகள் நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கா.